ஆயிரத்து முந்நூற்று முப்பத்திரண்டு

தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பில்
மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு
ஒய்.பி. பேசினார்:
"மாணவர்களே, கரியை அழுத்தினால் வைரம்.
உங்களை அழுத்துகிறார்களா? தாங்கிக்கொள்ளுங்கள்."
எல்லாரும் கைதட்டினார்கள். என் மகளும்.

பாடாங் செராயில் விடியுமுன் வேன் ஏறி
கூலிமில் இறங்குகிறவள் நான்.
பின்கட்டடம், இரண்டாம் மாடி, குளிரறை.
கரியிலிருந்து வைரம் எடுப்பதுதான் வேலை.
எழுந்து சொல்லியிருக்கலாம்:
ஐயா, நாங்கள் அழுத்துவதில்லை.

சன்னாசியின் லோரி
ஆலையிலிருந்து செம்பனைக் கொட்டை ஓடு ஏற்றிவரும்.
பதினோரு டன்னில் எங்களுக்கு ஒரு வாளி,
மிச்சமெல்லாம் யாருடைய கொதிகலனுக்கோ.
காற்றுப் படாமல் சுட்டால் ஓடு கரியாகும்.
கரியை ஆவியாக்கிக் கண்ணாடித் துண்டில் படியவிட்டால்
ஒரு கறுப்புத் தோல்,
தலைமுடியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத கனம்.
அதன்மேல் லேசர் ஒரு தரம் விழும்.
உருகும். உருகியதும் ஆறும்.
நீங்கள் ஒருமுறை கண் இமைப்பதற்குள்
பத்து லட்சம் தரம் அது முடிந்திருக்கும்.
அப்போது அறையில் இருக்கும் காற்றழுத்தம்
கன்டீனில் ஹஸ்லினா ரொட்டியைப் பிய்க்கும்போது இருப்பதேதான்.

நேரம் கொடுத்தால் கரி
அடுக்கடுக்காய்ப் படுத்துப் பென்சில் முனையாகிவிடும்.
அதுதான் அதற்குச் சுகம்.
நேரம் கொடுக்காததால்,
திரும்பிப்போக வழியில்லாமல்
போன இடத்திலேயே கைகோத்து இறுகியதற்குப் பெயர் வைரம்.

இதில் நம்ம கதை இருக்கு என்றான் சன்னாசி.
கப்பல், நூறு வருசம், அது இது.
வாளியை வைத்துவிட்டுப் போ என்றேன்.

முதல் எட்டு மாதம் ஏமாந்தோம்.
ராமன் கருவியின் திரையில்
ஆயிரத்து முந்நூற்று ஐம்பதில் தடித்த ஒரு மேடு,
கறையான் புற்று மாதிரி.
நான் துள்ளினேன்.
டாக்டர் இயாப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.
அது வைரமில்லை, குலைந்த கரி.
வைரமென்றால் முப்பத்திரண்டில் வரும்,
ஊசியாய், ஒல்லியாய்.
பதினெட்டு எண்தான் இடைவெளி.
அந்தப் பதினெட்டுக்குள்
ஒரு தீபாவளி போனஸ் போனது.

நூற்று எழுபதாவது துண்டு.
செவ்வாய், மழை, மின்சாரம் இரண்டு தரம் போய் வந்திருந்தது.
புற்றின் தோளில் ஓர் ஊசி நின்றது.
தூசாயிருக்கும் என்று இடம் மாற்றினேன்.
அங்கேயும் நின்றது.
ஹஸ்லினா ஒன்றும் பேசாமல்
என் முழங்கைக்கு மேலே வலிக்கக் கிள்ளினாள்.

சன்னாசி பார்க்க வந்தான்.
கறுப்புத் துண்டு, கறுப்பாகவே இருந்தது.
"எங்க?"
"கண்ணுக்குத் தெரியாது."
"அடகுக்கடையில எவ்வளவு தருவான்?"
"வாசல்லயே நிறுத்திடுவான்."
"பின்ன எதுக்கு?"
துளைபோடும் அலகுக்குப் பூச்சு, உடம்புக்குள் மருந்து சுமக்க,
இன்னும் தெரியாத எது எதற்கோ என்றேன்.
அவனுக்குப் போதவில்லை.
"செம்பனையை அறுத்துப் பாத்திருக்கியா?
உள்ளுக்குள்ள நார்ச்சோறு. வைரமே பாயாது.
மரமுன்னே சேர்த்தியில்ல, புல்லு.
அதோட ஓட்டுலேருந்தா?"
லோரிக் கதவைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.
பின்னால் எடுத்து, வளைத்து, கேட்டைத் தாண்டும்வரை
சிரிப்பு கேட்டது.

இரவு மகள் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள்.
'அழுத்தம் இருந்தால்தான்' என்று முதல் வரி.
அழி என்று சொல்லவில்லை.
அடுத்த வரியில் பென்சில் முனை உடைந்தது.
வாங்கிச் சீவிக் கொடுத்தேன்.
அழுத்தாமல் எழுது, என்றேன்.